இலையுதிர் கால அலங்காரம்: முதலில் வண்ணம், அப்புறம் தையல்

கேள்வி: இலையுதிர் காலத்துக்கு வீட்டை அலங்கரிக்க, குயில்ட் செய்து வண்ணம் தீட்டிய சில பொருள்களை நானே செய்ய ஆசை. மேசை விரிப்பு ஒன்று, சுவரில் மாட்ட ஒன்று, முடிந்தால் இலைத் தோரணம் ஒன்று. நேர்த்தையல் வரும், ஒட்டுத்துணி வேலை தெரியாது. கையில் இரண்டு வார இறுதிகள்தான் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது? பெயின்ட் அடித்த துணியில் ஊசி ஒழுங்காக இறங்குமா? பிறகு துவைக்கலாமா?

பதில்:

இரண்டு வார இறுதிகள் தாராளமாகப் போதும். ஆனால் ஒட்டுத்துணி வேலையை இந்த முறை மறந்துவிடுங்கள். குயில்ட் என்றாலே சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி இணைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று அடுக்கு இருந்தால் அது குயில்ட்: மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். மேல்துணி ஒரே துண்டாக இருக்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'டிரிஸ்டன் குயில்ட்' என்று ஒன்று இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்தது. லினன் துணியில் பழுப்பு நூலும் வெள்ளை நூலும் கொண்டு தைத்து, உருவங்களுக்குள் பஞ்சு திணித்து, டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைக் காட்சி காட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒட்டுத்துணி அதில் கிடையாது. கோடும் மேடுபள்ளமும் மட்டுமே படத்தை உருவாக்கிவிடுகின்றன.

ஒட்டுத்துணியில் ஒரே ஒரு மேப்பிள் இலை செய்ய என்ன வேண்டும் என்று பாருங்கள். ஒன்பது கட்டங்கள், அதில் நான்கு கட்டம் இரண்டு முக்கோணங்களை இணைத்தவை, ஒரு கட்டத்தில் குறுக்கே காம்பு. எல்லாம் கால் இன்ச் தையல் விட்டு, துல்லியமாக. ஒரு நூலிழை நகர்ந்தாலும் இலையின் கூர்முனை தையலுக்குள் போய்விடும். அது அழகான வேலைதான், ஆனால் அவசர வேலை இல்லை. அதே இலையைப் பிரஷ்ஷால் ஐந்து நிமிடத்தில் துணியில் கொண்டுவந்துவிடலாம். நிறமும் நிழலும் பெயின்ட்டின் பொறுப்பு. ஓரக்கோடு, நரம்பு, மேடுபள்ளம் எல்லாம் தையலின் பொறுப்பு. இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டால் நீங்கள் நன்றாக ஓவியம் வரைபவராக இருக்கவும் தேவையில்லை, நன்றாகத் தைப்பவராக இருக்கவும் தேவையில்லை. பிரஷ் கொஞ்சம் வழிந்த இடத்தை நூல் திருத்திவிடும்.

வரிசை முக்கியம். முதலில் பெயின்ட், அப்புறம் காயவைத்து இஸ்திரி, கடைசியில்தான் பஞ்சு அடுக்கும் தையலும். தைத்து முடித்த குயில்ட்டின் மேல் பெயின்ட் அடித்தால், பள்ளங்களில் நிறம் தேங்கும், மேடுகளில் ஒட்டாது. அதோடு பெரும்பாலான துணி பெயின்ட்டுகளுக்குச் சூடு காட்டினால்தான் நிறம் நிற்கும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்த பிறகு அந்தச் சூட்டைக் காட்டினால், பஞ்சு அமுங்கித் தட்டையாகிவிடும்.

துணிக்கு வருகிறேன். நெருக்கமாக நெய்த, வெளிர் நிறப் பருத்தி எடுங்கள். வெளுக்காத காடா துணி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் லேசான மஞ்சள் சாயலே இலையுதிர் கால நிறங்களுக்கு நல்ல அடித்தளம். பளீரென்ற வெள்ளைத் துணியில் இந்த நிறங்கள் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். எதுவானாலும் முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள், கஞ்சி இருந்தால் பெயின்ட் இழைக்குள் இறங்காது. துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம். அதுவும் நிறத்தைத் தடுக்கும்.

பெயின்ட் விஷயத்தில், துணிக்கென்றே வரும் பெயின்ட் வாங்கினால் சிக்கல் இல்லை. கையில் சாதாரண அக்ரிலிக்தான் இருக்கிறதென்றால், அதில் கலப்பதற்கென்று விற்கும் துணி மீடியம் ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பெயின்ட் இரண்டு பங்கு, மீடியம் ஒரு பங்கு. பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மீடியம் கலக்காத அக்ரிலிக் காய்ந்தபின் விறைத்துத் தோல் மாதிரி ஆகிவிடும். ஊசி இறங்குமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. இழைக்குள் ஊறிய மெல்லிய பெயின்ட்டில் ஊசி சாதாரணத் துணியில் போல இறங்கும். மேலே படலமாக நிற்கும் தடித்த பெயின்ட்டில் இறங்கினால் ஓட்டை அப்படியே நிற்கும், மூடாது. தையலைப் பிரித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே மெல்லிய பூச்சு, தேவைப்பட்டால் இரண்டாவது பூச்சு. தொட்டுப் பார்த்தால் துணி துணியாகத்தான் இருக்க வேண்டும்.

நிறம் சேர்ப்பதற்கு ஓர் இலையையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம். பகல் குறையத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன, அவை கரோட்டினாய்டு நிறமிகள். சிவப்பு அப்படியில்லை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. பல இலைகளில் நரம்பை ஒட்டிய பச்சை கடைசியில்தான் போகிறது. தீட்டும்போது இதே வரிசையில் போங்கள். முழு இலைக்கும் முதலில் மஞ்சள். அது ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிவப்பை இழுத்துவிடுங்கள், சேரும் இடத்தில் ஆரஞ்சு தானே வந்துவிடும். கடைசியில் நடுநரம்பின் இரண்டு பக்கமும் மங்கலான பச்சையில் ஒரு மெல்லிய தீற்றல். அந்தப் பச்சைதான் மொத்த இலையையும் நிஜமாக்கும், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். பழுப்பு வேண்டுமென்றால் ஆரஞ்சில் துளி நீலம் கலந்தால் போதும். நிழலுக்குக் கறுப்பு சேர்க்காதீர்கள், நிறம் அழுக்காகிவிடும். சிவப்பை அடக்க அதன் எதிர்நிறமான பச்சையில் ஒரு துளி போதும்.

"எனக்கு வரையவே வராது" என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டிலும் இலையே வேலையைச் செய்துவிடும்.

ஒன்று, இலை அச்சு. அன்றைக்குப் பறித்த, நரம்பு புடைத்த இலை எடுங்கள். சருகு வேண்டாம், அழுத்தினால் நொறுங்கிவிடும். இலை ரொம்ப ஈரப்பசையோடு இருந்தால் கனமான ஒரு புத்தகத்துக்குள் ஒரு மணிநேரம் வைத்துத் தட்டையாக்குங்கள். இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு எழுந்து நிற்கும், அதனால் பெயின்ட் அந்தப் பக்கம். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் தடவுங்கள். பிரஷ்ஷால் தீட்டினால் நரம்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் பெயின்ட் தேங்கி, அச்சு ஒரே திட்டாக விழும். இரண்டு மூன்று நிறங்களை அதே இலையில் பக்கம் பக்கமாக ஒற்றலாம். இலையைத் துணியில் கவிழ்த்து, மேலே ஒரு காகிதம் வைத்து, அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகை விரல்களால் நடுவிலிருந்து ஒவ்வொரு முனை வரைக்கும் அழுத்திக்கொண்டு போங்கள். காம்பை மறக்காமல் அழுத்துங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்குங்கள். முதல் அச்சு அழுத்தமாக விழும். மறுபடி பெயின்ட் தொடாமல் அதே இலையை இன்னொரு முறை பதித்தால் மங்கலான ஓர் அச்சு கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் அழகாக இருக்கும். இரண்டையும் கலந்து பதித்தால் சில இலைகள் முன்னாலும் சில பின்னாலும் இருப்பது போன்ற ஆழம் வரும்.

இன்னொன்று, வெயில் அச்சு. இதற்கு ஒளி ஊடுருவும் வகைத் துணி பெயின்ட் வேண்டும், பால் போன்ற அடர்த்தியான வகை சரிவராது. பெயின்ட்டில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு பலகையில் பரப்பிய ஈரத்துணி முழுவதும் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று திட்டுத் திட்டாகத் தடவுங்கள். அது காய்வதற்குள் இலைகளை அதன் மேல் ஒட்டினாற்போல் வைத்து, அப்படியே நல்ல வெயிலில் வைத்துவிடுங்கள். வெயில் படும் இடம் சீக்கிரம் காயும். காயும் இடம் பக்கத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரத்தோடு நிறமும் போய்விடும். இலைக்கு அடியில் இருப்பது தாமதமாகக் காய்வதால் அங்கே நிறம் குறைந்து, வெளிர் இலை உருவம் நிற்கும். இலையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் உருவம் கலங்கிவிடும், சிறு கற்களை வைத்து அமுக்குங்கள். காற்று வீசாத நாளாகப் பாருங்கள். காலியாக இருக்கும் இடங்களில் ஈரம் இருக்கும்போதே சில கல் உப்புகளைத் தூவினால், ஒவ்வொரு உப்பைச் சுற்றியும் நட்சத்திரம் போல நிறம் விலகும். காய்ந்ததும் உதறிவிடலாம்.

முதல் சனிக்கிழமை எல்லாத் துணிக்கும் சேர்த்தே பெயின்ட் வேலையை முடித்துவிடுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். ஞாயிறு மாலை பின்பக்கத்திலிருந்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, நீராவி இல்லாமல், பருத்திக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே மூன்று முதல் ஐந்து நிமிடம் தேய்த்தால் நிறம் பிடித்துக்கொள்ளும். இதிலும் பாட்டிலில் சொல்லியிருப்பதற்கே முதலிடம். அடுத்த வார இறுதி தையலுக்கு.

மூன்றில் முதலில் தோரணத்தைத் தைக்கச் சொல்வேன். சின்ன வேலை, கை பழகிவிடும். இதற்கு வெயில் அச்சுத் துணிதான் சரி. எங்கே இலை வடிவம் வெட்டினாலும் நிறம் நன்றாக விழும், எதையும் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. கீழே பஞ்சு அடுக்கு, அதன் மேல் வண்ணத்துணி முகம் மேலே பார்க்க, அதன் மேல் அடித்துணி முகம் கீழே பார்க்க. அடித்துணியின் பின்பக்கம் இலை வடிவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே இடைவெளி விடாமல் சுற்றித் தைத்துவிடுங்கள். கூர்முனைக்கு வரும்போது ஊசியை அப்படியே திருப்பாமல், முனையில் குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திரும்பினால் புரட்டும்போது முனை கூர்மையாக வரும். ஓரத்தைக் கால் இன்ச்சுக்கும் குறைவாக நறுக்கி, பஞ்சைத் தையலை ஒட்டியே வெட்டி, உள்வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுங்கள். இனி எந்த வழியாகப் புரட்டுவது? நடுநரம்பு வரப்போகும் இடத்தில், அடித்துணியை மட்டும் கிள்ளித் தூக்கி இரண்டு இன்ச் நீளம் வெட்டுங்கள். அதன் வழியாகப் புரட்டி, முனைகளை மழுங்கிய குச்சியால் தள்ளிவிட்டு, வெட்டை நாலைந்து கைத்தையலில் மூடிவிடுங்கள். பிறகு மூன்று அடுக்கும் சேர்த்து நடுநரம்புத் தையல் போடும்போது அந்த வெட்டு அதற்குள் அடங்கிவிடும், தனியாகத் தெரியாது. ஓரத்தில் தைக்காமல் ஒரு வாய் விட்டுப் புரட்டினால் இலை வடிவத்தில் எங்கே மூடினாலும் ஒரு கோணல் தெரியும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

புரட்டுவதற்கே நேரமில்லையென்றால் அடித்துணிக்குப் பதில் ஃபெல்ட் வையுங்கள். வண்ணத்துணி, மெல்லிய பஞ்சு, ஃபெல்ட் மூன்றையும் அடுக்கி, நரம்பையும் ஓரத்தையும் தைத்து, ஓரத்தையலுக்குச் சற்று வெளியே கத்தரியால் வெட்டிவிடலாம். ஃபெல்ட்டில் பிசிறு வராது. மேல்துணி ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் சருகுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

கயிற்றில் இலைகளைக் காம்பில் மட்டும் கட்டினால் திரும்பித் திரும்பி முதுகைக் காட்டும். இலையின் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பின்பக்கமாகக் கயிற்றைக் குறுக்கே இரண்டு இடங்களில் பிடித்துத் தையுங்கள், அசையாது.

சுவருக்கு ஒரே ஒரு பெரிய இலை போதும். பதினெட்டுக்கு இருபத்துநாலு இன்ச் காடா துணியில், கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைக்கும் இலை. நிறைய இலைகளைத் திணித்தால் தூரத்திலிருந்து பார்க்க எதுவும் பிடிபடாது. தையல் நெருக்கமாக விழும் இடம் அமுங்கும், தையல் விழாத இடம் எழும். ஆகவே இலைக்குள் நரம்புகளை மட்டும் தைத்துவிட்டு, பின்னணியில் இலையின் ஓரத்தைப் பின்தொடர்ந்து கால் இன்ச் இடைவெளியில் கோடு கோடாகத் தையுங்கள், குளத்தில் கல் விழுந்தால் விரியும் வளையம் மாதிரி. இலை தானாகவே மேலே எழும்பி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலும் விழும். இவ்வளவு நெருக்கமாகத் தைத்தால் துணி கொஞ்சம் சுருங்கும், அதனால் எல்லாப் பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலாக வைத்துத் தொடங்கி, முடித்தபின் மூலைகள் நேராக வரும்படி வெட்டுங்கள். மாட்டுவதற்கு மேல் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் ஒரு சதுரத்துணியை முக்கோணமாக மடித்து ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டால், அந்த இரண்டு பைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குச்சி நிற்கும். ஓர் ஆணி போதும்.

மேசை விரிப்பு அகலத்தில் மேசையின் மூன்றில் ஒரு பங்கு, நீளத்தில் இரண்டு பக்கமும் ஆறு இன்ச் தொங்கும் அளவு. இலை அச்சுத் துணி இதற்குப் பொருத்தம். இலைகளை ஒரே பார்வையில் வரிசையாக அடுக்காமல், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் காற்று தள்ளிக்கொண்டு போவது போலப் பதித்து, நடுவில் பாத்திரம் வைக்க இடம் விடுங்கள். பஞ்சு இங்கே மெல்லியதாக, பருத்தியாக இருக்கட்டும். உப்பிய பாலியஸ்டர் பஞ்சின் மேல் தம்ளர் ஆடும், சூடான பாத்திரத்துக்கும் அது ஆகாது. பஞ்சு கிடைக்கவில்லையென்றால் பழைய ஃபிளானல் துணி ஓர் அடுக்கு போதும். இதையும் உள்வெளியாகத் தைத்துப் புரட்டிவிடலாம். நேரான ஓரத்தின் நடுவில் ஐந்து இன்ச் வாய் விடுங்கள், மூலையில் விடாதீர்கள். புரட்டியபின் ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல் போட்டால் வாயும் மூடும், தனியாக ஓரப்பட்டியும் தேவையில்லை.

தைக்கும்போது புது ஊசி போடுங்கள், 90/14 அளவு. தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். அதைவிடப் பொடித் தையல் போட்டால் பெயின்ட் துணியில் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசைதான் தெரியும். அடுக்குகளை நான்கு இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின் குத்திப் பிடித்துவிட்டு, எப்போதும் நடுவில் தொடங்கி வெளியே போங்கள். சுருக்கம் இருந்தால் ஓரத்துக்குப் போய் வெளியேறிவிடும். வளைவில் ஊசி துணிக்குள் இருக்கும்போது நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி, மறுபடி தையுங்கள். நேர்த்தையல் தெரிந்தவருக்கு இது போதும்.

கையால் தைப்பதானால் எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து, பெரிய ஓட்டுத்தையலாக, இன்ச்சுக்கு ஐந்து என்ற கணக்கில் போடுங்கள். பொடித் தையலுக்குப் பாடுபட வேண்டாம், பெரிய தையல் கண்ணுக்குத் தெரிவதே இதில் அழகு. நூல் நிறம் மட்டும் யோசித்து எடுங்கள். நரம்புக்குக் கறுப்பு போட்டால் இலை கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். அடர்ந்த செம்பழுப்போ, மங்கிய பொன்னிறமோ நன்றாக இருக்கும். பின்னணிக்குத் துணியின் நிறத்திலேயே நூல்.

மிச்சத் துணியில் பூசணிக்காய் ஒன்று செய்துவிடலாம். நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் செவ்வகம், குறுகிய பக்கங்களை இணைத்துத் தைத்து, அடியைச் சுருக்கிக் கட்டி, பஞ்சு அடைத்து, மேலேயும் சுருக்கிக் கட்டுங்கள். கெட்டி நூலால் மேலிருந்து கீழாக ஐந்தாறு முறை சுற்றி இறுக்கினால் வரிகள் வரும். அந்தப் பள்ளங்களில் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் செம்பழுப்பை லேசாகத் தேய்த்து, காம்புக்கு ஒரு நிஜச் சுள்ளியைச் செருகுங்கள். இது துவைக்கப்போவதில்லை என்பதால் பெயின்ட்டைக் கடைசியில் போடலாம்.

துவைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சூடு காட்டிய மேசை விரிப்பைக் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், கையால் அலசலாம். பெயின்ட் முற்றிலும் பிடிக்கச் சில நாள் ஆகும், அதனால் முதல் துவையலை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். சுவர்ப்படத்தையும் தோரணத்தையும் துவைக்கவே வேண்டாம், உதறினால் போதும். நேர்வெயில் படும் சன்னலுக்கு எதிரே மாட்டினால் சிவப்புகள் சீக்கிரம் வெளுக்கும், பக்கவாட்டுச் சுவர் நல்லது. பருவம் முடிந்ததும் மடித்து வைக்காதீர்கள், பெயின்ட் மடிப்பில் விரிசல் விடும். வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி ஓர் அட்டைக் குழாயில் சுற்றி, பழைய பருத்தித் துணியால் மூடி வைத்தால் அடுத்த ஆண்டு எடுத்து அப்படியே மாட்டலாம்.